மஞ்சள் ஹெல்மெட்காரர்
வாசகர் கேள்விகளும் ஒரு மெக்கானிக்கின் பதில்களும்

போன மாதம் செயின் டென்ஷன் பற்றி எழுதும்போது, எனக்குப் பிடித்த ரேசர் ஜோயி டன்லப் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள்தான் இந்த மாதம் முழுக்க. மைலேஜ், பேட்டரி கேள்விகள் அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஜோயி டன்லப் யார் என்று தேடிப் பார்த்தேன் சார். மோட்டோஜிபி சாம்பியன் பட்டியல் எதிலும் அந்தப் பெயர் இல்லை. ராஸி, மார்க்கேஸ், அகோஸ்டினி எல்லாரையும் விட்டுவிட்டு இவரை ஏன் சொல்கிறீர்கள்?
– கல்லூரி மாணவர், தேனி

பதில்: அந்தப் பட்டியலில் அவர் இருக்க மாட்டார் தம்பி. மோட்டோஜிபி நடப்பது ரேஸுக்கென்றே கட்டிய டிராக்கில். தவறி விழுந்தால் சறுக்கிப் போக மணலும் வெற்றிடமும் விட்டிருப்பார்கள். ஜோயி ஓட்டியது ஊர்ச் சாலையில். மற்ற நாட்களில் பால் வண்டியும் பஸ்ஸும் போகிற அதே சாலை. ரேஸ் அன்று மட்டும் அடைத்துவிடுவார்கள். இரண்டு பக்கமும் கருங்கல் சுவர், மரம், விளக்குக் கம்பம், வீட்டு வாசற்படி.

இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவே கடலில் ஐல் ஆஃப் மேன் என்று ஒரு சின்னத் தீவு இருக்கிறது. அங்கே 1907 முதல் டிடி (டூரிஸ்ட் டிராபி) ரேஸ் நடக்கிறது. இப்போதைய பாதையில் ஒரு சுற்று 60.7 கிலோமீட்டர். இருநூறுக்கும் மேற்பட்ட வளைவுகள். ஊருக்குள் புகுந்து, பாலம் தாண்டி, ஸ்னேஃபெல் என்ற மலைமேல் ஏறி இறங்கி, புறப்பட்ட இடத்துக்கே வர வேண்டும். எல்லாரையும் ஒன்றாக விட மாட்டார்கள். பத்து விநாடிக்கு ஒருவராகக் கிளப்பிவிடுவார்கள். முன்னால் போகிறவனைப் பார்த்து ஓட்டுகிற வேலை அங்கே குறைவு. மோதுவது கடிகாரத்தோடு.

1972இல் கில்பர்ட்டோ பார்லொட்டி என்ற இத்தாலிய வீரர் அங்கே இறந்தார். அவருடைய நண்பர் அகோஸ்டினி இனி இந்தத் தீவுக்கு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வேறு பெரிய வீரர்களும் ஒதுங்கினார்கள். 1976க்குப் பிறகு டிடி உலக சாம்பியன்ஷிப் கணக்கிலிருந்தே போய்விட்டது. அதே 1976இல்தான் வட அயர்லாந்தின் பாலிமனி ஊரிலிருந்து, அதிகம் பேசாத, தலைமுடி வளர்ந்த ஒரு பையன் முதல் தடவையாக அங்கே வந்து இறங்கினான். வயது 24. அவன்தான் ஜோயி. 1969இல் 200 சிசி ட்ரையம்ப் டைகர் கப் ஒன்றில் ரேஸ் ஓட்ட ஆரம்பித்தவன். அடுத்த வருடமே, 1977இல், டிடியில் முதல் வெற்றி. 2000இல் அவர் கடைசியாக ஜெயித்தபோது மொத்தம் 26. நடுவில் 1982 முதல் 1986 வரை தொடர்ந்து ஐந்து வருடம் டிடி ஃபார்முலா ஒன் (கார் அல்ல, பைக் ரேஸ் பிரிவு) உலக சாம்பியன்.

எண்ணிக்கைக்காக மட்டும் எனக்கு அவரைப் பிடித்துவிடவில்லை. எண்பதுகளின் கடைசியில் கோவை உக்கடத்துப் பழைய புத்தகக் கடையில் ஒரு வெளிநாட்டு பைக் பத்திரிகை கிடைத்தது. அட்டை கிழிந்திருந்தது. உள்ளே ஒரு படம். வேனுக்குப் பக்கத்தில் மண் தரையில் உட்கார்ந்து ஒருவர் பைக்கில் வேலை பார்க்கிறார். விரல் இடுக்கெல்லாம் கிரீஸ். பக்கத்தில் ஒரு மஞ்சள் ஹெல்மெட். யாரோ மெக்கானிக் என்று நினைத்தேன். அப்புறம்தான் கீழே இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தேன். உலக சாம்பியன். அன்றைக்கு எனக்கு ஒர்க்‌ஷாப்பில் வாரம் ஐம்பது ரூபாய் சம்பளம். அந்தப் படத்தை வெட்டி டூல் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டினேன். அந்தப் பெட்டி இன்னும் இருக்கிறது.

கேள்வி: அவருடைய ரேஸ்களில் உங்களுக்கு மிகவும் பிடித்தது எது?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: 1980. கிளாசிக் டிடி. இதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் உடம்பு சிலிர்க்கும்.

அந்த வருடம் மே மாதம் வட அயர்லாந்தில் நடக்கும் நார்த் வெஸ்ட் 200 என்ற சாலை ரேஸில் ஜோயியின் மைத்துனர் மெர்வின் ராபின்சன் இறந்திருந்தார். இவர்கள் நான்கு பேர் ஒரு செட்: ஜோயி, அவர் தம்பி ஜிம், ராபின்சன், ஃப்ராங்க் கென்னடி. ஆர்மாய் என்ற ஊரைச் சுற்றியவர்கள் என்பதால் ஆர்மாய் ஆர்மடா என்று பெயர். கென்னடி அதற்கு முந்தின வருடமே அதே நார்த் வெஸ்ட் 200இல் பட்ட காயத்தால் இறந்துபோனார். நான்கில் இரண்டு இல்லை. அந்தத் துக்கத்தோடு, சில வாரத்திலேயே ஜோயி டிடிக்கு வந்தார்.

எதிரே ஹோண்டாவின் ஃபேக்டரி டீம் (கம்பெனியே நடத்தும் அணி), மிக் கிராண்ட் போன்ற பெரிய ஆட்கள். ஜோயியிடம் இருந்தது ஜான் ரே என்ற ஊர்க்காரர் ஸ்பான்சர் செய்த யமஹா டிஇசட்750. (பின்னாளில் ஆறு முறை உலக சூப்பர்பைக் சாம்பியன் ஆன ஜோனதன் ரேயின் தாத்தாதான் இந்த ஜான் ரே.) பெட்ரோலுக்கு நிற்பதைக் குறைக்க பெரிய டேங்க் மாட்டியிருந்தார்கள். ரேஸ் ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே டேங்கைப் பிடித்திருந்த பட்டை அறுந்துவிட்டது. நிறைய பெட்ரோல் உள்ள டேங்க், கீழே கல்லும் மேடும் உள்ள சாலை. அவர் வண்டியை நிறுத்தவில்லை. முட்டியாலும் கையாலும் டேங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டினார். ஒவ்வொரு பிரேக்குக்கும் அந்த எடை முன்னால் தள்ளும். அப்படி ஓட்டியும் கிராண்டை ஜெயித்தார். மணிக்கு 115.22 மைல் சராசரியில், அதாவது சுமார் 185 கிலோமீட்டரில், ஒரு சுற்றைப் புது சாதனையாக முடித்தார். அடுத்த வருடம் ஹோண்டாவே அவரைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், 1985. டிடிக்குப் போக ஒரு மீன்பிடிப் படகில் பைக்குகளோடு கிளம்பினார்கள். ஸ்ட்ராங்ஃபோர்டு கழிமுகத்தில் படகு பாறையில் மோதி மூழ்கியது. ஆட்களைக் காப்பாற்றிவிட்டார்கள். பைக்குகளை அப்புறம் முக்குளிப்பவர்கள் இறங்கி எடுத்தார்கள். அந்த வருட டிடியில் ஜோயிக்கு மூன்று வெற்றி.

கேள்வி: நானும் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன் அண்ணே. ஃபேக்டரி டீமே கூட இருக்கும்போது ஓட்டுகிறவர் ஏன் ஸ்பேனர் பிடிக்க வேண்டும்? அதனால் ரேஸில் என்ன மாறிவிடும்?
– மெக்கானிக், சங்கரன்கோவில்

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

1989 புனித வெள்ளி அன்று இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹேட்ச் டிராக்கில் ஜோயி மோசமாக விழுந்தார். காலும் மணிக்கட்டும் உடைந்தன. அந்த வருட டிடியே போனது. அதற்கு முன் அவர் டிடியில் ஜெயித்தது 13. பிறகு 1992 வரை ஒன்றும் இல்லை. பெரிய பைக்கைத் தூக்கித் திருப்பும் பலம் திரும்பி வர நேரம் ஆனது. அவர் சின்ன வண்டிகளிடம் போனார்: 125, 250 டூ-ஸ்ட்ரோக். அவராகவே வேலை பார்த்துக்கொள்ளக்கூடிய வண்டிகள். 1992இல் 125இல் பதினான்காவது வெற்றி வந்தது, அதுவரை டிடியில் அதிகம் ஜெயித்திருந்த மைக் ஹெய்ல்வுட்டின் கணக்குக்குச் சமமாக. 1993இல் அதையும் தாண்டினார். அதன்பின் வந்த வெற்றிகளில் பெரும்பாலானவை அந்தச் சின்ன வண்டிகளில் வந்தவை.

உங்களுக்கு ஆர்எக்ஸ்100, ஆர்டி350 கைப்பழக்கம் இருக்கும், அதனால் அப்படியே சொல்கிறேன். டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு மெயின் ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் போகிற துளை) ஒரு நம்பர் மாறினால் குணமே மாறிவிடும். பெட்ரோல் அதிகமானால் பிளக் கறுத்து நனைந்து பிக்கப் போகும். குறைந்தால் ஒரு நிமிடம் பிரமாதமாக இழுக்கும். அடுத்த நிமிடம் பிஸ்டன் ஜாம். பிளக் பிஸ்கட் நிறத்தில் இருக்க வேண்டும் என்பது நம் ஒர்க்‌ஷாப் பாடம். ரேஸிலும் அதே பாடம்தான். ஆனால் டிடியில் ஒரே சுற்றில் கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கு மேல் ஏறி இறங்க வேண்டும். கீழே வெயில் அடிக்கும்போது மலைமேல் மூடுபனி இருக்கும். கீழே சல்பி என்ற இடத்தில் நீளமான நேர்ச்சாலை, ஃபுல் த்ராட்டிலிலேயே போக வேண்டும். எஞ்சின் ஜாம் ஆகிற இடம் அதுதான். அதற்குப் பயந்து ஜெட்டைப் பெரிதாக வைத்தால் மலை ஏறும்போது வண்டி அடைக்கும்.

மேட்டுப்பாளையத்தில் செட் செய்த ஒரு ஆர்டி350ஐ நான் குன்னூருக்கு ஓட்டிப் போயிருக்கிறேன். பர்லியார் தாண்டும்போதே சத்தம் கெட்டியாகிவிட்டது. மேலே போனதும் ஐடிலிங்கே நிற்கவில்லை. வேறொரு முறை, அவிநாசி ரோட்டில், ஜெட் சின்னதாக இருந்த வண்டியை முறுக்கிக்கொண்டு போனேன். எஞ்சின் சத்தத்தில் ஒரு சின்ன மாற்றம் வந்தது. மெட்டல் வறண்ட மாதிரி ஒரு கீச்சு. அது என்ன என்று யோசித்து முடிப்பதற்குள் பின் சக்கரம் பூட்டிவிட்டது. முழங்கையில் அந்தத் தழும்பு இருக்கிறது. அந்தக் கீச்சுச் சத்தம் கேட்ட நொடியிலேயே கிளட்சைப் பிடித்திருக்க வேண்டும். டூ-ஸ்ட்ரோக் ரேசர்கள் இடது கை விரலைக் கிளட்ச் மேலேயே வைத்திருப்பது அதற்குத்தான்.

தானே பிஸ்டனை மாட்டி, தானே ஜெட்டைத் தேர்ந்தெடுத்த ஆளுக்கு அந்தச் சத்தம் முன்கூட்டியே புரியும். எவ்வளவு முறுக்கலாம், எந்த இடத்தில் கால் பங்கு த்ராட்டில் விட்டுக்கொடுத்து எஞ்சினை ஆற விடலாம் என்பது கைக்குத் தெரியும். ஒரு ரேஸில் மூன்று நான்கு சுற்று, ஒவ்வொன்றும் 60 கிலோமீட்டர். அத்தனை தூரம் எஞ்சின் உயிரோடு வந்து சேர்ந்தால்தான் வெற்றியைப் பற்றியே பேச முடியும். ஜோயி தெரிந்த அளவுக்குத்தான் வேகம் போனார் என்று நான் நம்புகிறேன். அவருக்குத் தெரிந்தது மற்றவர்களைவிட அதிகம்.

1998ஐப் பாருங்கள். சில வாரம் முன்பு டான்ட்ராகீ என்ற ஊரில் நடந்த ரேஸில் விழுந்து, இடது கையில் ஒரு விரலின் பகுதி போய்விட்டது. காறை எலும்பு முறிவு, இடுப்பெலும்பிலும் விரிசல். டிடி அன்று கொட்டும் மழை. 250 சிசி ரேஸை ஜெயித்தார். ஈரச் சாலையில் எந்த வளைவில் தண்ணீர் தேங்கும், எந்த மரத்தடி காயாது என்று இருபது வருடமாகப் பார்த்து வைத்த கண் அது. பலத்தை வைத்து அன்றைக்கு யாரும் ஜெயித்திருக்க முடியாது.

கேள்வி: அவருடைய 26 வெற்றி சாதனை இன்னும் இருக்கிறதா?
– வாசகர், ஈரோடு

பதில்: இல்லை. 2024 ஜூனில் மைக்கேல் டன்லப் 27ஆவது வெற்றி எடுத்துத் தாண்டிவிட்டார். மைக்கேல், ஜோயியின் தம்பி ராபர்ட்டின் மகன்.

ராபர்ட் 2008 மே மாதம் நார்த் வெஸ்ட் 200 பயிற்சி ஓட்டத்தில் இறந்தார். இரண்டு நாள் கழித்து அதே ரேஸில், அதே 250 சிசி பிரிவில், மைக்கேல் ஓட்டி ஜெயித்தார். அதற்குப் பத்து வருடம் கழித்து, 2018இல், மைக்கேலின் அண்ணன் வில்லியம் அயர்லாந்தின் ஸ்கெரிஸ் ரேஸில் இறந்தார். சாதனை என்று எழுதும்போது இதையும் சேர்த்தே எழுத வேண்டும் என்பது என் கருத்து. அந்தக் குடும்பம் கொடுத்த விலை அது.

கேள்வி: 48 வயதில் மூன்று டிடி ஜெயித்தவர் அத்தோடு நிறுத்தியிருக்கலாமே! ஒரே மாதத்தில் எஸ்டோனியா போய் உயிரை விட வேண்டுமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, மதுரை

பதில்: இதே கேள்வியை நானும் பல வருடம் கேட்டுக்கொண்டிருந்தேன் டீச்சர்.

2000 ஜூன். ஹோண்டா கொடுத்த பெரிய வி-ட்வின் பைக் அவருக்கு ஆரம்பத்தில் சரிப்படவில்லை. ஹேண்டிலிங் பற்றிக் குறை சொல்லிக்கொண்டே இருந்தார். மாற்றி மாற்றி செட் செய்தார்கள். ஃபார்முலா ஒன் ரேஸில் அவருக்குச் சரியான போட்டியாக இருந்தவர் டேவிட் ஜெஃப்ரீஸ், 20 வயது இளையவர். ஜெஃப்ரீஸின் யமஹா கிளட்ச் கோளாறில் நின்றது, ஜோயி ஜெயித்தார். அந்த ரேஸை அவர் கடைசியாக ஜெயித்தது 1988இல். 12 வருடம்! அதே வாரம் 250, 125 இரண்டும் அவருக்கே. சீனியர் ரேஸில் ஜெயிக்கவில்லை, ஆனால் தன் வாழ்நாளின் வேகமான சுற்றை அதில்தான் ஓட்டினார், மணிக்கு 123.87 மைல். 48 வயதில்.

அதன்பின் எஸ்டோனியாவின் தலைநகர் தாலின் போனார். ஊருக்கு வெளியே காட்டுக்குள் போகிற சாலை. 600 சிசியிலும் பெரிய பைக்கிலும் ஜெயித்துவிட்டார். ஜூலை 2, 125 ரேஸ், மழை, முன்னால் போய்க்கொண்டிருந்தார். வண்டி கையை மீறியது. மரத்தில் மோதினார்.

மேலே நான் அவருடைய மழை அறிவைப் பற்றி அவ்வளவு எழுதினேன். அந்த அறிவுக்கும் அன்றைக்கு ஒரு ஈரத் திட்டு மிச்சமிருந்தது. இதை மறைத்து நான் அவரைப் பாராட்ட விரும்பவில்லை.

ஏன் போனார் என்றால், பெரிய டிவி கேமராக்கள் இல்லாத அந்த மாதிரி ரேஸ்கள்தான் அவருக்குப் பிடித்தவை. பைக்கை வேனில் ஏற்றி, தானே ஓட்டிக்கொண்டு போவார். அந்த வேன்தான் அவரை எனக்கு இன்னும் நெருக்கமாக்கியது. ரேஸ் இல்லாத நாட்களில் அதில் சாப்பாட்டுப் பொருளும் துணிமணியும் நிரப்பிக்கொண்டு ருமேனியா, அல்பேனியா, போஸ்னியா என்று அநாதை இல்லங்களுக்குத் தனியாகவே ஓட்டிப் போனார். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர். பத்திரிகைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. பிரிட்டிஷ் அரசு 1986இல் ரேஸுக்காக ஒரு பட்டம் கொடுத்திருந்தது. 1996இல் இந்த வேலைக்காக இன்னொன்று கொடுத்தது. பாலிமனியில் அவருக்கு ஒரு சின்ன பார் இருந்தது, அங்கேதான் உலக சாம்பியனைப் பார்க்கலாம். அந்தச் சின்ன ஊருக்கு அவருடைய இறுதிச் சடங்கன்று சுமார் 50,000 பேர் வந்தார்கள்.

கேள்வி: ஐயா, என் மகனுக்கு 19 வயது. பெரிய ரேசர் ஆக வேண்டும் என்கிறான். ஞாயிறு காலையில் நண்பர்களோடு ஏற்காடு மலைப் பாதையில் நேரம் வைத்து ஓட்டுகிறான். உங்கள் பக்கத்தைக் காட்டி, "இந்த ஜோயியும் ரோட்டில்தானே ஓட்டினார்?" என்கிறான். எனக்குத் தூக்கமே இல்லை. நீங்கள் இப்படி எழுதலாமா?
– ஒரு தாய், சேலம்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அந்த ஒரு வரியை விளக்கம் இல்லாமல் விட்டது என் தவறு. இப்போது உங்கள் மகன் படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

தம்பி, ஜோயி ஓட்டிய சாலை அன்றைக்குச் சட்டப்படி மூடப்பட்டிருந்தது. எதிரே ஒரு சைக்கிள்கூட வராது. பாதை முழுக்கக் கொடி பிடித்த மார்ஷல்கள் நிற்பார்கள். டாக்டர் வர ஹெலிகாப்டர் தயாராக இருக்கும். ரேஸுக்கு முன்னால் பல நாள் பயிற்சி ஓட்டம் நடக்கும். அத்தனை இருந்தும் அந்த மலைப் பாதையில் இதுவரை 250 பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். ஏற்காடு கொண்டை ஊசி வளைவில் உனக்கு எதிரே வருவது காய்கறி லாரி. அதன் டிரைவருக்கு நீ நேரம் பார்ப்பது தெரியாது. ஸ்கூட்டரில் பிள்ளையை முன்னால் நிற்க வைத்து வருகிறவருக்கும் தெரியாது. நீ செய்வதற்கும் ஜோயி செய்ததற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இதைக் கோபமாகவேதான் சொல்கிறேன். அப்படி ஓட்டிய ஒரு பையனின் வண்டியை என் ஒர்க்‌ஷாப்பில் அவன் அப்பா கொண்டுவந்து விட்டார். சரி செய்ய வேண்டாம், பார்க்க முடியவில்லை, எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். பதினோரு வருடம் ஆகிறது. அந்த வண்டியை நான் இன்னும் கழற்றவில்லை.

அம்மா, அவன் ஆசையை மட்டும் அடைத்துவிடாதீர்கள். அடைத்தால் உங்களுக்குத் தெரியாமல் ஓட்டுவான். கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை டிராக் இருக்கிறது. கம்பெனிகள் புதியவர்களுக்கென்றே ஒரே மாடல் பைக்கில் ரேஸ் நடத்துகின்றன. எஃப்எம்எஸ்சிஐ (இந்திய மோட்டார் ரேஸ் அமைப்பு) லைசென்ஸ் எடுக்க வேண்டும், லெதர் சூட் போட வேண்டும், விழக் கற்றுக்கொள்ள வேண்டும். செலவு உண்டு. அது முடியுமா என்று அவனோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள்.

அதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். என் ஒர்க்‌ஷாப் முகவரியை ஆசிரியர் குழுவிடம் கேட்டு வாங்கிக்கொண்டு, ஒரு சனிக்கிழமை அவனை அனுப்புங்கள். பைக் வீட்டிலேயே இருக்கட்டும், பஸ்ஸில் வரட்டும். பழைய ஆர்எக்ஸ் எஞ்சின் ஒன்று மேஜைமேல் பிரித்து வைத்திருக்கிறேன். அவன் கையாலேயே மாட்டி, ஸ்டார்ட் செய்து, பிளக்கைக் கழற்றி என்ன நிறம் என்று சொல்லட்டும்.